காலிக் கட்டில்

ஏஜென்ட்டை நம்பி வெளியூர் வேலைக்குப் போய், அங்கே விற்கப்பட்டு, அடைபட்டு, எப்படியோ மீண்டு வந்த பெண்கள் தங்கியிருந்த இல்லம் அது. நடத்தியவள் மரகதம். ஒரு காலத்தில் அவளும் அப்படி அடைபட்டுக் கிடந்தவள்தான்.

எபனேசர் வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்று, அவளிடம் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வந்தவர். அவளைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். அவள் "சார்" என்பாள். இதில் யார் குரு, யார் சீடர் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள்.

ஒரு நாள் காலையில் அவர் சந்தோஷமாக வந்தார்.

"அக்கா, ஒரு கண்டம் தப்பிச்சோம்."

"என்ன சார்?"

"நாளைக்கு நிதி தர்றவங்க பாக்க வர்றாங்கல்ல? கட்டில் காலியா கெடந்தா, இங்க தேவையில்லைன்னு கையை விரிச்சிடுவாங்க. இந்த வெள்ளத்தாயி இன்னைக்குன்னு பாத்துப் பையத் தூக்கிட்டு ஊருக்குக் கெளம்பிட்டா. நாளை ஒருநாள் மட்டும் இரும்மான்னேன். இருந்துட்டா."

"நாளைக்கு அவ மகளுக்குக் காதுகுத்துல்ல?"

"அடுத்த முகூர்த்தத்துல வெச்சிக்கிட்டாப் போச்சு. இத்தனை காலம் அம்மாவுக்காகக் காத்திருந்த பிள்ளைதானே."

"வெள்ளத்தாயி என்ன சொன்னா?"

"என்ன சொல்லுவா? 'சரி சார்'ன்னா. பையக் கீழ வெச்சிட்டா. ஒரு முணுமுணுப்பு இல்ல. தங்கமான பொண்ணு."

மரகதத்தின் முகம் மாறியது. எழுந்து உள்ளே போனாள். ஏன் என்று தெரியாமல் எபனேசரும் பின்னால் போனார்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளத்தாயி, அவர்களைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"போகணுமா, இருக்கணுமா?" என்று கேட்டாள் மரகதம்.

"சார் இருக்கச் சொன்னாரு."

"நான் ஒன்னையக் கேட்டேன்."

"நீங்க சொல்றபடி செய்யறேன்க்கா."

"நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல."

மரகதம் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

எபனேசருக்குத் தலை சுற்றியது. "போகச் சொல்லணும்னா சொல்லிடுங்களேன் அக்கா. எதுக்கு அந்தப் புள்ளையப் போட்டு வதைக்கிறீங்க?"

"நான் போன்னு சொன்னா, அதுக்கும் 'சரி'ன்னுதான் சொல்லுவா."

சாப்பாட்டு மணி அடித்தது. மூன்று பேரும் அசையவில்லை. வெள்ளத்தாயி பையைப் பார்த்தாள். எபனேசரைப் பார்த்தாள்.

"என்னைய அடைச்சு வெச்சிருந்த அந்த வீட்லயும் இப்படித்தான் சார் சொன்னாங்க. இந்த மாசம் மட்டும் இருன்னு."

எபனேசர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"நான் இருக்கமாட்டேன் சார்." குரல் திடீரென்று உயர்ந்தது. தன் சத்தத்துக்குத் தானே பயந்து பின்வாங்கினாள். பிறகு இன்னொரு முறை சொன்னாள். "இருக்கமாட்டேன். எம்புள்ள காதுகுத்துக்கு நான் போவேன்."

தான் வாசலை மறித்துக்கொண்டு நிற்பதை எபனேசர் அப்போதுதான் கவனித்தார். விலகினார்.

பையை எடுத்துக்கொண்டு வெள்ளத்தாயி அவரைக் கடந்து போனாள்.

"மாமன் மடியில உக்கார வெச்சு ஆசாரி குத்தும்போது புள்ள அழும்டி," என்றாள் மரகதம். "கூடச் சேந்து நீயும் அழுது தொலைக்காத."

வெள்ளத்தாயி சிரித்தாளா அழுதாளா, தெரியவில்லை. போய்விட்டாள்.

எபனேசர் காலிக் கட்டிலருகே வந்து நின்றார்.

"நான் செஞ்சது தப்புதான் அக்கா. ஆனா பணம் வரலைன்னா மத்தவங்க எங்க போவாங்க?"

"தெரியல சார்."

"நாளைக்கு வந்து, இந்தக் கட்டில் ஏன் காலின்னு கேட்டா?"

"ஒருத்தி நம்மகிட்டயே முடியாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டான்னு சொல்லுங்க."

"அதைக் கேட்டுட்டுப் பணம் தருவாங்களா?"

மரகதம் கட்டில் விரிப்பை உருவி மடித்தாள்.

"அதுவும் தெரியல. ஆனா அவ அப்படிச் சொல்லிட்டுப் போறதுக்கில்லாம, வேற எதுக்காக சார் அவங்ககிட்ட பணம் கேட்டோம்?"