அடுத்த வீட்டில் சுகமா?

உப்பும் பனையும் தவிர வேறெதுவும் விளையாத ஒரு சின்ன நாட்டை இராசகண்டன் என்ற ராஜா ஆண்டு வந்தார். அவருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. எதையும் நேரில் போய்ப் பார்த்துத்தான் முடிவு செய்வார். ஒரு கெட்ட குணமும் உண்டு. பார்த்ததையெல்லாம் நம்பிவிடுவார்.

அவருடைய பிரதானி வேங்கடபதி, சபையில் எப்போதும் நின்றுகொண்டேதான் இருப்பார். ராஜாவிடம் அவ்வளவு மரியாதை என்று ஊரில் பேச்சு. ஒருநாள் அவர் சொன்னார்: "மகாராஜா, அரண்மனைக் குதிரைகளுக்கு வைத்தியர் இல்லை. உப்பளத்தில் ஒரு வைத்தியர் இருக்கிறார். அங்கே யாருக்கு என்ன நோய்? அவரை லாயத்துக்கு வரவழைத்துவிடலாம்."

"நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று ராஜா பல்லக்கில் கிளம்பிப் போனார்.

உப்பளத்துக்காரர்கள் வரப்பில் வரிசையாக நின்றார்கள். ராஜா ஒவ்வொருவரிடமும் "சுகமா?" என்று கேட்டார். "மகாராசா புண்ணியத்துல சுகம்" என்றார்கள். ஒரு கிழவர் நன்றாக இருமி முடித்துவிட்டு, "சுகம்" என்றார். ஒரு பெண் பல்லக்குத் தூக்கியைப் பார்த்துக் கும்பிட்டு, "சுகம், மகாராசா" என்றாள். ராஜாவுக்கு ஏக சந்தோஷம்.

"என் நாட்டில் நோயே இல்லை. வைத்தியர் லாயத்துக்கு வரட்டும்" என்று திரும்பி வந்து அறிவித்தார்.

சபையில் செவ்வந்தியப்பன் என்று ஒருவன் இருந்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன். உப்பளத்தை விட்டால் அடுத்த வைத்தியர் இரண்டு நாள் நடையில் இருக்கிறார் என்பது அவனுக்குத் தெரியும். இரண்டு நாள் நடக்கத் தெம்பு உள்ளவனுக்கு வைத்தியர் எதற்கு?

"குதிரைகளிடமும் சுகமா என்று கேட்டீர்களா, மகாராஜா?"

"குதிரையிடம் கேட்டால் அது சொல்லுமா?"

"சொல்லாது. அதனால்தான் அதற்கு வைத்தியர் கிடைக்கிறார்."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "சரி, நீயும் போய்க் கேள். 'எனக்கு உடம்பு சரியில்லை' என்று ஒரே ஒருவர் சொன்னாலும் வைத்தியர் அங்கேயே இருக்கட்டும். யாரும் சொல்லாவிட்டால் அவரோடு நீயும் லாயத்துக்குப் போ. குளம்பு கழுவ ஆள் போதவில்லை."

இவன் பதிலைச் சொல்லிக்கொடுத்துவிடக் கூடாது என்று காவலன் இசக்கியையும் கூட அனுப்பினார்.

செவ்வந்தியப்பன் வரப்பில் நின்று கேட்டான். எல்லோரும் சுகம் என்றார்கள். அதற்கு மேல் பேச அவர்களுக்கு நேரமில்லை. உப்பு வாருகிற வேலை அப்படி. அவன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, உப்பு வாரும் பலகை ஒன்றை வாங்கிக்கொண்டு பாத்திக்குள் இறங்கினான். பொழுது சாயும்வரை அவர்களோடு உப்பு வாரினான்.

பக்கத்தில் வாரிக்கொண்டிருந்த உச்சிமாகாளியிடம், "உமக்குச் சுகம், சரி. அடுத்த வீட்டில் எப்படி?" என்று கேட்டான்.

உச்சிமாகாளி பலகையை நிறுத்தினார். "எனக்கென்னய்யா, கல்லு மாதிரி இருக்கேன். பிச்சைக்கனிக்குத்தான் பாவம், வெயில் பட்டுப் பட்டு கண்ணே தெரியல. அன்னைக்கு மகாராசான்னு நெனச்சு பல்லக்குத் தூக்கியக் கும்பிட்டுட்டா."

பிச்சைக்கனியிடம் போனான்.

"எங் கண்ணுக்கு என்னய்யா கேடு? உச்சிமாகாளி அண்ணனுக்குத்தான் நீர்க்கடுப்பு. ராத்திரியெல்லாம் மனுசன் முனகுறாரு. காலையிலேருந்து இந்த வெயில்ல நிக்கோம், குடிக்க ஒரு சொட்டு நல்ல தண்ணி கெடையாது. வேற என்ன வரும்?"

அப்புறம் அவன் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ஆளாளுக்கு அடுத்த வீட்டைப் பற்றிச் சொன்னார்கள். வைத்தியருக்கே தெரியாத நோயெல்லாம் வெளியே வந்தது.

மறுநாள் சபையில் செவ்வந்தியப்பன், "நான் தோற்றேன், மகாராஜா. தனக்கு நோய் என்று ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த வீட்டு நோயைத்தான் எல்லோரும் சொன்னார்கள்" என்று கேட்டதையெல்லாம் ஒப்பித்தான்.

"ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?" என்றார் பிரதானி. "வம்புப் பேச்சை நம்பியா வைத்தியரை நிறுத்துவது?"

ராஜாவும் தலையாட்டினார்.

"குளம்பு கழுவப் போகிறேன். அதற்கு முன்னால் ஒரு வார்த்தை" என்றான் செவ்வந்தியப்பன். "மகாராஜா சுகமா?"

"சுகம்."

"பிரதானி சுகமா?"

"மகாராஜா புண்ணியத்தில் சுகம்."

"பிரதானிக்கு உண்மையில் எப்படி, மகாராஜா?"

"அவருக்கா? பாவம், மூலம்" என்றார் ராஜா. "மூன்று வருஷமாக உட்கார முடியவில்லை. மரியாதைக்காக நிற்கிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்."

பிரதானியின் முகம் சிவந்தது. "மகாராஜாவின் முழங்கால் மட்டும் மடங்குகிறதாக்கும்? சிம்மாசனத்துக்கு மூன்று படி இருந்ததே, எங்கே போயிற்று? போன மழைக்காலத்தில் இரண்டை இடிக்கச் சொன்னது யார்?"

ராஜா தன் முழங்காலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வைத்தியர் உப்பளத்திலேயே இருக்கட்டும்" என்றார். "தினமும் இரண்டு வண்டி நல்ல தண்ணீரும் அங்கே போகட்டும்."

பிறகு செவ்வந்தியப்பனைப் பார்த்து, "நீ சுகமா?" என்று கேட்டார்.

"மகாராஜா புண்ணியத்தில் சுகம்."

ராஜா அவனை விட்டுவிட்டு இசக்கி பக்கம் திரும்பினார். "இவனுக்கு என்ன?"

"உப்புத் தண்ணியில நின்னு காலு ரெண்டும் வெடிச்சுப் போச்சு, மகாராசா. வழியெல்லாம் செருப்பக் கையிலதான் வெச்சிருந்தாரு."

அப்போதுதான் ராஜா சிரித்தார். சிரித்ததில் முழங்கால் வலித்தது. "என் பல்லக்கை எடுத்துக்கொள். உடனே வைத்தியரிடம் போ."

"பல்லக்கில் இன்னும் இடம் இருக்கிறது, மகாராஜா. முழங்காலும் வரலாமே."

ராஜா யோசித்தார். பல்லக்கு வந்ததும் ஏறிக்கொண்டார். தள்ளி உட்கார்ந்து இன்னொருவருக்கும் இடம் விட்டார்.

"வேங்கடபதி, நீரும் வந்து உட்காரும்."

"நான் நடந்தே வருகிறேன், மகாராஜா" என்றார் பிரதானி.