கோமதிநாயகத்தைக் கூப்பிட்ட மத்தியானம்

மெஷினில் ரத்தம் சுற்றிக்கொண்டிருக்கும்போது வருகிற தூக்கம் தனி ரகம். கண் திறந்தே இருக்கும், சுவர் மட்டும் மெல்ல அசையும். டயாலிசிஸ் அறையில் நாங்கள் எல்லோரும் பாதி அங்கேயும் பாதி வேறெங்கேயோவும் கிடப்போம்.

எனக்கு அடுத்த கட்டில் கோமதிநாயகத்துடையது. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆற்றங்கரை மடத்து அம்மாவின் சீடர். அந்த அம்மாவுக்கு இவரைவிட வயது ரொம்பக் குறைவு. ஆனாலும் அவரைக் கண்டால் இவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்காருவார். எனக்குச் சிரிப்பு தாங்காது. கேலியும் பண்ணியிருக்கிறேன். "உமக்கு வாய் நீளம்வே" என்பார், அவ்வளவுதான்.

அன்றைக்கு மடத்தம்மா அவரைப் பார்க்க வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து நர்ஸ் பாக்கியசீலி மருந்துப் புட்டியோடு வந்தாள்.

"ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி ஐயா. ரெண்டாவது சுற்று இன்னைக்கு ஆரம்பிக்கணும்."

"வேண்டாம்" என்றார் கோமதிநாயகம்.

"ஏன் ஐயா?"

"முன்னாடி நாலு தடவை போட்டியே. அதுவும் மத்தவங்களுக்குப் போடுததைவிட ரெண்டு பங்கு. என்ன ஆச்சு? ரத்தத்தைச் சோதிச்சுட்டு, எதிர்ப்புச் சக்தி வரலைன்னு நீதானே சொன்னே?"

"கிட்னி வேலை செய்யாத உடம்பு அப்படித்தான் ஐயா. முதல் சுற்றுல வராதவங்களுக்குத் திரும்பப் போட்டா வந்திருக்கு."

"எனக்கு வரும்னு எழுதித் தருவியா?"

பாக்கியசீலிக்குப் பொய் சொல்ல வராது.

"அது முடியாது ஐயா. ஆனா இங்க ரத்தம் வெளிய வந்து உள்ள போகுது. அந்தக் கிருமி ரத்தத்துலதான் பரவும். நாங்க எவ்வளவு சுத்தமா இருந்தாலும் உங்க உடம்புக்குள்ளயும் ஒரு காவல் வேணும்லா? வந்துட்டா கல்லீரலைக் கெடுத்துரும்."

"போம்மா. எனக்கு அலுத்துப் போச்சு."

"மெஷினைக் கழட்ட வரும்போது இன்னொரு தடவை கேக்கேன்" என்று சொல்லிவிட்டு, மருந்தைத் திரும்பவும் ஃபிரிட்ஜில் வைக்கப் போனாள்.

இன்றைக்கு ஊசி வேண்டாம் என்கிறவர் நாளைக்கு மெஷினும் வேண்டாம் என்பார். அப்படி வீட்டுக்குப் போனவர்களை இந்த அறையில் பார்த்திருக்கிறேன். இவர் போய்விட்டால் நான் யாரைக் கேலி பண்ணுவேன்?

கோமதிநாயகம் மடத்தம்மாவைப் பார்த்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கேன். இந்த உடம்புக்குக் காது செத்துப் போச்சு. கேக்காத உடம்புகிட்ட எத்தனை தடவைதான் சொல்லுதது?"

மடத்தம்மா, குழாய் பொருத்தியிருந்த இடது கையை வெளியே விட்டு, போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டார்.

"அசதியா இருக்குல்லா? தூங்குங்க அண்ணாச்சி."

அவரும் தூங்கிப்போனார்.

தூங்கின மறு நிமிஷம் அந்த அம்மா கூப்பிட்டார். "கோமதிநாயகம் அண்ணாச்சி."

அசைவில்லை.

"கோமதிநாயகம் அண்ணாச்சி."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "தோளைத் தட்டுங்கம்மா, எந்திச்சுருவாரு" என்றேன். என்னைப் பார்த்துச் சிரித்தார். மறுபடியும் அதே குரலில் கூப்பிட்டார். சத்தம் கூடவுமில்லை, குறையவுமில்லை. தூங்கச் சொன்னதும் இவர்தான், எழுப்புவதும் இவர்தான், இதென்ன கூத்து என்று முணுமுணுத்தேன். முணுமுணுத்தபடியே நானும் அசந்துவிட்டேன்.

தூக்கத்தில் அறை முழுக்கத் தண்ணீர் வந்தது. கட்டில்கள் ஒவ்வொன்றாக மிதக்கத் தொடங்கின. சிவப்புக் குழாய்கள் எங்களுக்குப் பின்னால் நீண்டுகொண்டே வந்தன. யாருக்கும் பயமில்லை. எங்கிருந்தோ அந்தக் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. என் பேர் இல்லை என்று தெரிந்தும், "இந்தா இருக்கேன்" என்று சொல்ல எனக்கு வாய் வந்தது.

விழித்தபோது கோமதிநாயகமும் விழித்திருந்தார். கண்ணோரம் ஈரம்.

"கூப்பிட்டீங்களாம்மா?"

"ஆமா."

"மணல்ல நடந்து போயிட்டிருந்தேன். வெயிலே இல்லை, ஆனா நல்ல வெளிச்சம். கால் பாட்டுக்குப் போவுது, அவ்வளவு சுகமா இருந்துச்சு. பின்னால யாரோ யாரையோ கூப்பிடுத சத்தம். நமக்கில்லைன்னு நடந்துட்டே இருந்தேன். ரொம்ப தூரம் போன பிறகுதான் அது என் பேருன்னு உறைச்சுது. திரும்பிட்டேன்."

"நல்லதாப் போச்சு."

"எவ்வளவு நேரமாக் கூப்பிடுதீங்க?"

"நீங்க தூங்கினதுலேருந்து."

மெஷினைக் கழற்ற பாக்கியசீலி வந்துவிட்டாள். கையில் அந்தப் புட்டியும் இருந்தது.

"என்ன ஐயா, போடவா, வேண்டாமா?"

அவர் அவளைப் பார்க்காமல் மடத்தம்மாவிடம் கேட்டார்.

"நான் திரும்பவே இல்லைன்னா என்னம்மா செஞ்சிருப்பீங்க?"

"இன்னும் கூப்பிட்டுக்கிட்டு இருந்திருப்பேன்."

"கேக்காதவனைக் கூப்பிட அலுக்காதா?"

"ஆள் உள்ள இருக்கும்போது நான் எப்படி அண்ணாச்சி எந்திச்சுப் போவேன்?" என்றார் மடத்தம்மா.

கோமதிநாயகம் சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டு, வலது தோளைப் பாக்கியசீலி பக்கம் திருப்பினார்.