கணக்கில் ஒரு ஆள் கூடுதல்

அன்றைக்கு ஜெயில் கேட்டில் வார்டர் மாசானம்தான் டியூட்டி. உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் கேட் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போகணும். ஆய்வுக்கு வந்த பெரிய அதிகாரி திருமேனியோ, நீட்டிய நோட்டைத் தட்டிவிட்டார்.

"நான் யாரு தெரியுமாய்யா?" என்று நேரே உள்ளே போனார்.

போனவர் சும்மா இருந்தாரா? சமையல்கட்டில் கத்தினார், ஆஸ்பத்திரி வார்டில் கத்தினார். கிளம்புகிற நேரத்தில் மாசானத்தின் முன்னால் வந்து நின்றார்.

"இந்த மதிலுக்குள்ள இப்ப மொத்தம் எத்தனை பேர்? பத்தே நிமிஷத்துல எண்ணிச் சொல்லு. ஒரு ஆள் பிசகினாலும் உன் வேலை காலி!"

மாசானம் விசிலை ஊதினான். கைதிகள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்தார்கள். வார்டர்கள் எண்ணி எண்ணிக் கூவினார்கள். ஒன்பதாவது நிமிஷம் மாசானம் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"ஐயா! கைதி, காவலர் எல்லாம் சேர்த்து நோட்டுப்படி இருநூத்து முப்பது. உள்ளே இருக்கிறது இருநூத்து முப்பத்தொண்ணு!"

அதிகாரி துள்ளினார். "பார்த்தியா! எவனோ உள்ளே நுழைஞ்சிருக்கான்! அவன் எவனா இருந்தாலும் சரி, கேட்டைத் திறக்கக் கூடாது. இது என் ஆர்டர்!"

"உத்தரவுங்கய்யா." மாசானம் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டான். "அந்த ஆள் நீங்கதாங்கய்யா. நோட்டுல உங்க பேரே இல்ல."

"விளையாடாதே! திறடா கேட்டை!"

"எப்படிங்கய்யா திறக்கிறது? வந்ததா எழுதாத ஆளை வெளியே விட்டா, கைதியைத் தப்ப விட்டுட்டான்னு என் மேல கேஸ் போட்டுடுவாங்களே!"

அதிகாரி மதிலை அண்ணாந்து பார்த்தார். பிறகு பேனாவுக்குக் கை நீட்டினார்.