கட்டியக்காரருக்கும் ஒரு பேர்

செண்பகவர்ம ராசாவுக்குப் பட்டப்பேர் மட்டும் ஒரு வண்டி இருக்கும். அவர் சபைக்கு வரும்போதெல்லாம் வெள்ளித்தடியைத் தரையில் தட்டி, "மலை பெயர்த்த மார்பர், கடல் கலக்கிய தோளர்..." என்று மூச்சு முட்டச் சொல்வது கட்டியக்காரர் மாசிலாமணியின் வேலை. மலையும் கடலும் இருந்த இடத்திலேயேதான் இருந்தன, அது வேறு விஷயம்.

அந்த ராசா இவரைக் கூப்பிடுவது மட்டும், "ஏய்!"

ஒருநாள் மாசிலாமணி தயங்கித் தயங்கிக் கேட்டார். "மகாராசா, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாதா?"

"எதுக்கு? 'ஏய்'னா வந்து நிக்கிறேல்ல? கூப்பிட்டா ஆள் வரணும். மத்ததெல்லாம் வெட்டி மூச்சு!"

சபையே சிரித்தது. ராசா சிரித்தால் சிரிக்கத்தானே அவர்களுக்குச் சம்பளம்.

வீட்டில் மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. நடந்ததைச் சொன்னார். பெண்டாட்டி குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "உங்க குரல் இல்லேன்னா அவரு தலையில கிரீடம் வச்ச ஒரு ஆளு. அது அவருக்குத் தெரியாட்டிப் போகுது, உங்களுக்குமா தெரியல? நாளைக்கு அவர் சொன்னபடியே செய்யுங்க."

மறுநாள் பக்கத்து நாட்டு ராசா விருந்தாளியாக வந்து உட்கார்ந்திருந்தார். செண்பகவர்மர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கட்டியத்துக்காக வாசலில் நின்றார்.

மாசிலாமணி தடியைத் தட்டினார். வாசலைப் பார்த்தார்.

"ஏய்!"

ராசா மீசை துடிக்க ஓடிவந்தார். "யாரைடா ஏய்ங்கிறே? தலை போயிடும்!"

"கூப்பிட்டா ஆள் வந்தாப் போதும்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க மகாராசா? தினமும் அவ்வளவு கட்டியம் சொல்லியும் மெதுவாத்தான் வருவீங்க. இன்னைக்கு ஓடியே வந்துட்டீங்களே!"

விருந்தாளி ராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேறு வழியில்லாமல் நம்ம ராசாவும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆமா... உன் பேர் என்ன?" என்றார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக! பேரைக் கேட்டு, பட்டுச் சால்வையும் போர்த்தி, "மாசிலாமணியாரே, ஆரம்பியுங்க" என்றார்.

சாயங்காலம் சால்வையோடு மாசிலாமணியார் வீட்டுக்குள் நுழைந்தார். சாய்ந்து உட்கார்ந்து, அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார்.

"ஏய்! தண்ணி கொண்டா!"

உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"ஏய்! உன்னைத்தான்!"

ஊகூம்.

மாசிலாமணியாருக்கு மெதுவாக உறைத்தது. எழுந்தார். மூலையில் சாத்திய வெள்ளித்தடியை எடுத்துவந்து அடுப்படி வாசலில் தட்டினார்.

"புருஷன் மானம் காத்த புத்திசாலி, பூங்காவனம் அம்மையார் அவர்களே!"

"வருகிறோம்" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

வந்தது. மெதுவாகத்தான் வந்தது.