திரும்பி வராத தவளைப் புத்தகம்

மேகம் ஒரு ஜன்னல் வழியே வந்து, புத்தக அலமாரிகளைத் தடவிப் பார்த்துவிட்டு, மறு ஜன்னல் வழியே போய்விடும் மலை மடம் அது. அங்கே குருவுக்கு இன்னும் தலை நரைக்கவில்லை, சீடருக்குத்தான் நரைத்துவிட்டது. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற மாசிலாமணி, ஞானம் தேடி வந்தார். குரு பொற்கொடியம்மையோ அவர் கையில் மூன்று புத்தகங்களைக் கொடுத்துவிட்டார்.

மூன்றும் சிறுவர்களுக்கானவை. கதைகள் அல்ல, உள்ளதை உள்ளபடி சொல்பவை. ஒன்று விண்மீன்களைப் பற்றி, ஒன்று கடலைப் பற்றி, இன்னொன்று தவளைகளைப் பற்றி. இவற்றில் சிறந்தது என்று அவர் தேர்ந்தெடுப்பது மட்டும் மலையிலுள்ள எல்லாப் பள்ளிகளுக்கும் போகும். அடுத்த வருஷம் வரை பிள்ளைகளுக்கு வேறு புத்தகம் கிடையாது.

மடத்து வழக்கப்படி மூன்றையும் முதலில் அடிவாரத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார் மாசிலாமணி. இரண்டு திரும்பி வந்தன, அட்டைகூடக் கசங்காமல். தவளைப் புத்தகம் வரவேயில்லை.

சாரல் விழுந்துகொண்டிருந்த பிற்பகலில் அவர் குருவிடம் போனார்.

"கடல் புத்தகத்தையே அனுப்பிடலாம்மா. ஒரு பிழை இல்லை. என்ன கேள்வி கேட்டாலும் அதுல பதில் இருக்கு."

"அப்புறம் ஏன் முகம் வாடியிருக்கு?"

"பயமா இருக்கும்மா. நான் தப்பா எடுத்துட்டா, தெரிஞ்சுக்கணும்ங்கிற ஆசையே அந்தப் பிள்ளைங்களுக்கு விட்டுப்போயிடும்."

"தவளைப் புத்தகம்?"

"தொலைச்சிருப்பாங்க. அதை நான் கணக்குல சேர்க்கலை."

குரு எழுந்து அடிவாரத்துப் பாதையில் நடந்தார். மாசிலாமணியும் பின்னாலேயே போனார். பாதையெல்லாம் மேகம். நடக்கிறோமா மிதக்கிறோமா என்றே அவருக்குத் தெரியவில்லை.

சுனைக்கரையில் பிள்ளைகள் குந்தியிருந்தார்கள். அவர்களுக்கு எதிரே ஒரு தவளை. புத்தகம் பின்னால் ஒரு கல்லின் மேல் குப்புறக் கிடந்தது. அட்டையெல்லாம் சேறு.

"என்ன பண்றீங்க?" என்றார் மாசிலாமணி.

யாரும் திரும்பவில்லை.

"பேசாதீங்க தாத்தா," என்றாள் ஒரு சிறுமி, மெல்ல. "முழுங்கும்போது தவளைக்குக் கண்ணு உள்ள போகும்னு புத்தகத்துல போட்டிருக்கு. அது பூச்சி பிடிக்கட்டும்னு காத்துக்கிட்டிருக்கோம்."

அவருக்கு மனசு பொறுக்கவில்லை.

"பாருங்கம்மா, புத்தகத்தை ஒருத்தர்கூடப் பார்க்கலை. மழையில நனையுது."

குனிந்து கையை நீட்டினார். குரு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எடுக்காதீங்க. அது வேலையா இருக்கு."