யார் தோப்பு வழியே வடிகால்?

முன்னொரு காலத்தில் மருதங்குடியைக் கோதண்டவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் சிரிப்பான், மத்தியானம் சீறுவான். நகரசபையில் யார் நன்றாகப் பேசுகிறாரோ அவருக்குத் தன் கையாலேயே வெற்றிலை மடித்துக் கொடுப்பான்.

அந்த வெற்றிலை எப்போதும் மந்திரி சாத்தனாருக்கே போனது. சபைத் தலைவர் விருத்தகிரிக்கு வயிறு எரிந்தது. அவருக்குச் சொந்தமாக வெற்றிலைக் கொடிக்காலே இருந்தது. இருந்து என்ன? "அந்த ஆள் வாய் சிவப்பதைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்கவில்லையே!" என்று மனைவியிடம் தினமும் புலம்புவார். பொறாமைக்காரன் வீட்டில் அடுப்பே வேண்டாம், பாவம் அந்த அம்மாள்.

ஐப்பசி நெருங்கியது. குயவர் தெருப் பொன்னாயி சபைக்கு வந்தாள்.

"மகாராஜா, மழை பெஞ்சா எங்க தெருவுல தண்ணி போக வழியில்லீங்க. போன வருஷம் சுடாத பானை அத்தனையும் வீட்டுக்குள்ளேயே கரைஞ்சு மண்ணாப் போச்சு. இந்த வருஷமும் அப்படின்னா ஊரைவிட்டுத்தான் போகணும். ஆத்துக்கு ஒரு வடிகால் வெட்டிக் குடுங்க."

சபையில் ஒரே கூச்சல். வடக்கே வெட்டலாம் என்றால் ஓர் உறுப்பினரின் மாட்டுக்கொட்டில். தெற்கே என்றால் தேர் ஓடும் வீதி. கிழக்கேதான் நேர்வழி. அங்கே விருத்தகிரியின் மாந்தோப்பு.

"மழை விட்டபிறகு பானை செய்யட்டுமே!" என்றார் விருத்தகிரி.

"சரிங்க சாமி. பசியையும் மழை விட்டபிறகு வரச் சொல்லிடுங்க" என்றாள் பொன்னாயி.

ராஜா சிரித்தான். அடுத்த கணமே சீறினான். "சாப்பிட்டு வந்ததும் யாராவது நல்ல வழி சொல்லவேண்டும். இல்லாவிட்டால் சபையையே கலைத்துவிடுவேன்!"

எல்லோரும் எழுந்தார்கள். சாத்தனார் ஏதோ எழுதிய ஓலையை ஆசனத்திலேயே விட்டுப் போனார். விருத்தகிரி கண்ணில் அது பட்டது. கை சும்மா இருக்குமா? எடுத்து மடியில் செருகிக்கொண்டார். முந்திக்கொள்ளும் அவசரத்தில் முழுதாகப் படிக்கக்கூட இல்லை.

சபை கூடியதும் முதல் ஆளாக எழுந்தார். "அரசே! சாப்பிடாமல் உட்கார்ந்து நானே எழுதியது."

தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "ஊருக்கு வழி சொல்பவன் பிறர் நிலத்தைக் காட்டக்கூடாது. தன் நிலத்தைக் கொடுக்கவேண்டும். ஆகையால் வடிகால் கிழக்கே என் மாந்தோப்பின் நடுவே போகட்டும்..."

நாக்கு அங்கேயே நின்றுவிட்டது.

"அடடா!" என்று ராஜா துள்ளி எழுந்தான்.

"ஐயோ, இல்லை அரசே! இது மந்திரி எழுதியது. 'என்' என்றால் அவருடைய தோப்பு!"

"எனக்கேது தோப்பு?" என்றார் சாத்தனார். "வாசலில் ஒரு முருங்கைமரம். அதிலும் கம்பளிப்பூச்சி."

ராஜாவின் புருவம் ஏறியது. "விருத்தகிரி, ஓலை உம்முடையதா, திருடியதா?"

தோப்பைக் கொடுப்பதா, திருடன் என்று பெயர் எடுப்பதா? "என்... என்னுடையதுதான்" என்று முனகினார். ராஜா வெற்றிலை மடித்துக் கொடுத்தான். அவருக்கு அது விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"வேண்டுமென்றே விட்டுப்போனீரா?" என்று ராஜா மந்திரியின் காதில் கேட்டான்.

"என்னிடம் எது இருந்தாலும் அவருக்கு வேண்டும் அரசே. அதனால் அவருடையதையே எழுதி வைத்தேன்."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தனார் கழுத்தில் போட்டான். வடிகாலுக்குத் தோப்புக்காரர் பெயரையே வைக்கச் சொன்னான்.

அடைமழை வந்தது. பானைகள் காய்ந்தபடியே இருந்தன. பொன்னாயி மட்டும் வாசலில் நின்று மருமகளை அதட்டினாள்.

"அடியே, விருத்தகிரியில சாணியும் சருகும் அடைச்சுக்கிச்சு. மம்முட்டிய எடுத்துட்டு வாடி!"