ஏழு தண்ணீரில் அலசிய அரிசி

ஆவுடைநாயகத்தின் பாதத்தில் அடுப்புக் கங்கு விழுந்தது. அவருக்குத் தெரியவில்லை.

மடத்து அடுக்களையில் உட்கார்ந்து தன் சோற்றைத் தானே வடித்துக்கொண்டிருந்தார். சமையல் பார்க்கும் பேச்சியம்மைக்குத்தான் முதலில் நாற்றம் வந்தது.

"அண்ணாச்சி, என்னமோ தீயுது."

"சோறா?"

"சோறு இல்ல. நீங்க!"

குடத்துத் தண்ணீரை அப்படியே காலில் கவிழ்த்தாள். புளியங்கொட்டை அளவுக்குத் தோல் வெந்து போயிருந்தது. ஆவுடைநாயகம் குனிந்து பார்த்தார். வலியே இல்லை. வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். அவர் சிரித்தார்.

காரணம் இருக்கிறது. அந்த மலையடி மடத்தில் தை மாதம் ஒரு சீடரை மட்டும் மேலே குகைக்கு அனுப்புவார்கள். நாற்பத்தொரு நாள் தனியாக இருந்துவிட்டு இறங்கி வருபவருக்குத் தீட்சை. ஆவுடைநாயகம் வீட்டை விட்டு வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஆறு தடவையும் வேறு ஆள்தான் போனான். போன தையில் போனவனுக்கு இருபத்திரண்டு வயது. இவருக்கு ஐம்பத்துமூன்று.

அன்றைக்கு எடுத்த முடிவுதான். உடம்பை ஜெயிக்காமல் விடுவதில்லை.

ஒரு வேளைச் சோறு. அதுவும் பச்சரிசி. உரலில் போட்டு மூன்று தடவை குத்தி, தவிடு துளி இல்லாமல் புடைத்து, மல்லிகை மொட்டு மாதிரி ஆனதும் ஏழு தண்ணீரில் அலசி, பொங்கி, கஞ்சியையும் வடித்துவிடுவார். தொட்டுக்கொள்ள உப்பு. பருப்பு இல்லை, கீரை இல்லை, மோர் இல்லை. மற்றவர்கள் சிவப்பரிசிச் சோற்றைப் பயற்றுக் குழம்பில் பிசைந்து சாப்பிடும்போது அவர்களைப் பரிதாபமாகப் பார்ப்பார். பொய் எதற்கு? பரிதாபம் இல்லை, இளக்காரம்.

இரண்டு மாதமாகப் பாதம் மரத்துக் கிடந்தது. உடம்பு தன்னை விட்டுக் கழன்றுகொண்டிருக்கிறது என்று நினைத்தார். இன்றைக்கு எல்லாரும் கண்ணால் பார்த்துவிட்டார்கள். இரண்டு சீடர்கள் காலில் விழவே செய்தார்கள். அவர் தடுக்கவில்லை.

நேராகக் குருவிடம் போனார்.

குரு உலகம்மைக்கு முப்பத்தாறு வயது. பாதிச் சீடர்கள் அவரைவிட மூத்தவர்கள். மரத்தடியில் நின்று முருங்கைக் கொப்பு ஒடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, கால்ல நெருப்பு விழுந்துச்சு. எனக்குத் தெரியல."

"பேச்சி வந்து சொன்னா."

"இந்தத் தைக்கு என்னைக் குகைக்கு அனுப்புவீங்களா?"

உலகம்மை கொப்பைக் கீழே போட்டார். "குந்துங்க நாயகம்."

குந்தினார்.

"கை ஊணாம எந்திரிங்க."

ஆவுடைநாயகம் எழுந்தார். எழ நினைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். தொடை நடுங்கியது, மூச்சு வாங்கியது. பக்கவாட்டில் சாய்ந்து, மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"உடம்பத் தாண்டினவருக்குத் தரையத் தாண்ட முடியலயே" என்றார் உலகம்மை. "வாங்க."

அடுக்களைக்குக் கூட்டிப் போனார். சாம்பல் வழித்துக் குளிர்ந்து கிடந்த பக்கத்து அடுப்பில் விறகை அடுக்கினார். நல்ல காய்ந்த விறகு, அடுப்பு நிறைய. மேலே பானை வைத்துத் தண்ணீர் ஊற்றினார்.

"கொதிச்சதும் கூப்பிடுங்க."

போய்விட்டார்.

இது பொறுமைக்கு வைத்த சோதனை என்று ஆவுடைநாயகத்துக்குத் தோன்றியது. கண்ணை மூடி உட்கார்ந்தார். ஜன்னல் வெயில் நகர்ந்து அம்மிக்கல் மேல் ஏறியது.

"அண்ணாச்சி, தீ வைக்கலயே?" என்றாள் பேச்சியம்மை.

"அம்மா வைக்கச் சொல்லல."

"மூச்சு விடச் சொன்னாங்களா?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

உலகம்மை திரும்பி வந்து பானைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "கொதிக்கலயே. விறகு குறைச்சலோ? இன்னும் ரெண்டு வைக்கட்டுமா?"

"எத்தனை வெச்சாலும் கொதிக்காது அம்மா. தீ வைக்கணும்."

"இது தெரியுதில்ல?"

ஆவுடைநாயகம் முழித்தார்.

"நீங்க திங்கிற சோறு விறகு. நல்ல விறகுதான், குத்தம் சொல்லல. ஆனா அது உள்ள போய் எரிஞ்சாத்தான் கால் நடக்கும், கை தூக்கும். எரியுறதுக்கு ஒரு பொறி வேணும். அது அரிசி மேல தவிட்டுலதான் ஒட்டிட்டு இருக்கு. மூணு தடவை குத்தி எடுத்தீங்க. அப்பவும் விடாம ஒட்டிட்டு இருந்ததை ஏழு தண்ணியில அலசிக் கொட்டினீங்க."

"அது அழுக்குன்னு நினைச்சேன்."

"பேச்சி, அந்தத் தவிடெல்லாம் எங்க போகுது?"

"நம்ம செவலைப் பசுவுக்குத்தான். கழுநீரும் அதுக்குத்தான்." பேச்சியம்மைக்கு வாய் நிற்கவில்லை. "அது குடுக்கிற உதைய ஒரு தடவை வாங்கிப் பாருங்க அண்ணாச்சி, யாரு தவசின்னு தெரியும்."

ஆவுடைநாயகம் கேட்டார். "அந்தப் பொறி எவ்வளவு வேணும்மா?"

"ஒரு நாளைக்கா? ஒரு எள்ளுல பாதிகூட வேண்டாம்."

"பாதி எள்ளு?"

"அதுக்குள்ளதான். அதை வெச்சுக்கிட்டு இந்த உடம்பு ஒரு பகல் பூரா அடுப்பெரிச்சிரும். அதையும் நீங்க குடுக்கல. காலு செத்துக்கிட்டு இருக்கு நாயகம். அடுத்து நெஞ்சுக்கு வரும். இப்படியே மேல அனுப்பினா இறங்கி வர மாட்டீங்க."

ஆறு வருஷம் காத்திருந்த ஆவுடைநாயகம் முதல் தடவையாகக் குகையை நினைத்துப் பயந்தார்.

உலகம்மை அவர் தோளைத் தொட்டார். எலும்புதான் தட்டுப்பட்டது.

"வந்தப்ப மூட்டை தூக்குற தோளா இருந்துச்சு. எங்க போச்சு?"

"மெலிஞ்சிருச்சு."

"தானா மெலியல. பருப்பு வரல, பயறு வரல. நெஞ்சு நிக்காம அடிக்கணும், குடலு அரைக்கணும், புண்ணு ஆறணும். சரக்குக்கு உடம்பு எங்க போகும்? தோளப் பிரிச்சு எடுத்து உள்ள குடுத்திருக்கு."

"என்கிட்டக் கேக்கவே இல்லயே?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

அவர் மார்பில் கை வைத்துப் பார்த்தார். உள்ளே அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. ஐம்பத்துமூன்று வருஷத்தில் அதை ஒரு தடவையாவது உட்கார்ந்து கேட்டிருப்பாரா? இல்லை.

மறுநாளிலிருந்து பேச்சியம்மை கையில் அவர் சிக்கினார். காலையில் சலித்து வறுத்த தவிட்டில் வெல்லம் சேர்த்துக் கஞ்சி. மதியம் சிவப்பரிசிச் சோறு, முழுப் பயறு, முருங்கைக்கீரை. மோர் வேண்டாம் என்றால் விடமாட்டாள்.

"செவலை மூஞ்சத் தூக்கி வெச்சிருக்கு" என்பாள். "அதுக்குப் பாதித் தவிடுதான் வருதாம்."

முதல் பத்து நாளில் மூச்சு வாங்குவது நின்றது. கார்த்திகையில் கை ஊன்றாமல் எழுந்தார். அதைச் செய்துவிட்டு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை. மறுபடி குந்தி மறுபடி எழுந்தார். சின்னப் பிள்ளை மாதிரி ஏழெட்டுத் தடவை செய்தார். சும்மா கிடந்த தொடைக்குள் இவ்வளவு பலத்தை யார் கொண்டுவந்து வைத்தது என்று புரியவில்லை. பயறு வாய்க்குள் போனது தெரியும். தோளுக்கு எந்த வழியாகப் போனது?

பாதம் மட்டும் மெதுவாகத்தான் வந்தது. முதலில் எறும்பு ஊர்கிற மாதிரி. பிறகு ஊசி குத்துகிற மாதிரி.

மார்கழி கடைசியில் தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டு போகையில் நெருஞ்சி முள்ளை மிதித்தார்.

"ஐயோ!"

மடமே கேட்டது. இரண்டு சீடர்கள் ஓடி வந்தார்கள். முன்பு காலில் விழுந்தவர்கள்தான். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரும்பிப் போய்விட்டார்கள்.

தை பிறந்த அன்று உலகம்மை சீடர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஆவுடைநாயகம் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். அவராகவே எழுந்தார். கை ஊன்றவில்லை.

"அம்மா, இந்த வருஷமும் வேற யாரையாவது அனுப்புங்க. ஒரு வருஷம் தவம் செஞ்சேன்னு நினைச்சேன். வீம்புதான் செஞ்சிருக்கேன். எல்லாம் வீணாப் போச்சு."

"வீணாப் போகல. தவம் நடந்துச்சு. நான் பாத்தேன்."

"தவமா?"

"பட்டினி கிடந்துச்சு. ஏசுனாலும் கோவப்படல. தன்னையே பிரிச்சுக் குடுத்துக்கிட்டு ஒரு நாளும் வேலைய நிறுத்தல. நீங்க செய்யலங்கிறது மட்டும்தான் நிசம்."

ஆவுடைநாயகம் குனிந்து தன் கையையும் காலையும் பார்த்தார். யாரோ புதிதாக ஒருவரைப் பார்ப்பது போல் பார்த்தார்.

"அப்ப குகைக்கு யாரும்மா?"

"தவம் செஞ்சவர் போகட்டும்" என்றார் உலகம்மை. "நீங்களும் கூடப் போங்க. நேரத்துக்கு அவருக்குச் சோறு பொங்கிப் போட ஆள் வேணும்."